எட்டாத வரிசை

லாப்லாந்துக் காட்டுக்குள் எங்கள் பீரங்கித் தளம்
ஆண்டுக்கு ஒருநாள் வாய் திறக்கும்.
"எதை வேண்டுமானாலும் கேளுங்கள்" என்று
கடைவாசலில், தேவாலயக் கதவில்,
பெட்ரோல் பம்ப்பில்கூட ஒட்டினோம்.
மைனஸ் பதினெட்டில் பசை பிடிக்கவில்லை.
பாதியை நான் ஆணியடித்தேன்.

பள்ளிக்கூடத்து உடற்பயிற்சிக் கூடம்.
கூடைப்பந்து வளையத்தின் கீழே மேசை,
மேசைக்குப் பின்னால் கர்னல் ரௌத்தகோர்பி,
அவர் முன்னால் தட்டச்சு செய்த பதில்கள்,
கேள்விகளுக்கு முன்பே வந்து சேர்ந்தவை.

எனக்கு மைக் தூக்கும் வேலை.
கை உயர்த்துபவரிடம் போ. நீட்டு.
முகத்தில் எதையும் காட்டாதே.
கம்பியின் நீளம் இருபது மீட்டர்.
கூடத்தின் நீளம் இருபத்தாறு.
இதை யாரும் அளந்து பார்க்கவில்லை,
அல்லது பார்த்திருந்தார்கள்.

முதல் கேள்வி சதுப்புநிலத்து மஞ்சள் பழங்களைப் பற்றி.
சுடுதளத்து வேலிக்குள் பழுத்தால் யார் பறிக்கலாம்?
கர்னல் மலர்ந்துபோனார்.
தேதி சொன்னார், எந்த வாயில் என்று சொன்னார்,
வாளியின் அளவுக்குத் தடையில்லை என்றதும்
கைதட்டல்.
பனிமான் மேய்க்கும் வில்யோ எழுந்து
குட்டி போடும் மாதத்தில் சுடாதீர்கள் என்றார்.
குறித்துக்கொள்கிறோம்.
ஜன்னல் அதிர்கிறது. இரவு பத்துக்கு மேல் ஏன் சத்தம்?
குறித்துக்கொள்கிறோம்.
லெப்டினன்ட் உண்மையிலேயே குறித்தார்,
நீல மையில், முத்து முத்தாக.
பொய் சொல்லக் கூடாது:
போன ஆண்டு கேட்ட சாலைப் பள்ளத்தை
இந்த ஆண்டு மூடியிருந்தோம்.
நானும் மண் அள்ளினேன்.

அப்புறம் கடைசி வரிசையில் சைமி எழுந்தாள்,
பள்ளி வேன் ஓட்டுகிறவள்.
கை உயர்த்தவில்லை. பேசவே தொடங்கிவிட்டாள்.
ஓடினேன். கம்பி விறைத்து இழுக்க
முளையில் கட்டிய கன்றாய் நின்றேன்.
இன்னும் ஆறு மீட்டர்.

"மைக்கில் சொல்லாதது பதிவாகாது" என்றார் லெப்டினன்ட்,
மரியாதையாகத்தான்.
முன்னால் வாருங்கள் என்றேன்.
"இந்த ஆறு மீட்டர் நீங்கள் வர வேண்டியது" என்றாள்.
பிறகு என்னைப் பார்த்தே சொன்னாள்:

என் மகன் அக்டோபர் பயிற்சிக்கு உங்களிடம் வந்தான்.
திரும்பியதிலிருந்து பூட்ஸோடு தூங்குகிறான்.
விளக்கை அணைக்க விடுவதில்லை.
நான்காம் நாள் இரவு அங்கே என்ன நடந்தது?

கம்பியோ நீளாது.
நானோ இரண்டு மாதத்தில் வீடு போகிறவன்.
மைக்கை என் வாயருகே கொண்டுபோனேன்.
அவள் சொன்னதைச் சொல் மாறாமல் சொன்னேன்.
சொல்லச் சொல்லத்தான் காதில் விழுந்தது.
"என் மகன்" என்கிறேன், பத்தொன்பது வயதில்.
"உங்களிடம் வந்தான்" என்கிறேன்,
அதே சீருடையில் நின்றுகொண்டு.

யாரோ காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தார்கள்.
கர்னல் தாள்களைப் புரட்டினார்.
முதலிலிருந்து இன்னொரு முறை.
கண்ணாடியைக் கழற்றினார்.
மேசை மைக்கை உள்ளங்கையால் மூடிக்கொண்டு
"தெரியும்" என்றார்.

அவ்வளவுதான். அடுத்த கேள்வி குப்பைத்தொட்டி பற்றி.

நூற்றுப் பன்னிரண்டு நாற்காலிகளை அடுக்கினேன்.
கம்பியை முழங்கையில் சுற்றினேன்.
அறிக்கையில் பதினேழாம் கேள்வி:
கேட்டவர், படைவீரர் ஒருவர்.
பதில் என்ற இடத்தில் ஒரு சிறு கோடு.
அடுத்த ஆண்டுக்கு முப்பது மீட்டர் கம்பி வேண்டுமென்று
விண்ணப்பம் எழுதிக் கொடுத்தேன்.
லெப்டினன்ட் வாங்கிக்கொண்டார், ஒன்றும் சொல்லவில்லை.

மறுநாள் காலை, ஓட்டுநர் இல்லாமல்,
கர்னலின் கார் ஆற்றுப்பாலத்தைக் கடந்து போனதாக
காவல்கூண்டில் இருந்தவன் சொன்னான்.
சைமியின் வீடு பாலத்துக்கு அந்தப் பக்கம்.
மர அறுப்பு ஆலையும் அந்தப் பக்கம்தான்,
விமான நிலையத்துக்குப் போகும் சாலையும்.